நாலு படுக்கைக்கு ஓர் ஆறு

அந்த டயாலிசிஸ் பிரிவில் அவளை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் நர்ஸ் இல்லை, மெஷின் ஓட்டுகிற டெக்னீஷியன். முதல் வருடம் ஒவ்வொருவரிடமும் திருத்திச் சொன்னாள். இரண்டாம் வருடம் புதிதாக வந்தவர்களிடம் மட்டும் சொன்னாள். ஒன்பதாம் வருடத்தில், பஸ்ஸில் பின்னாலிருந்து யாராவது சிஸ்டர் என்று கூப்பிட்டால் தன்னைத்தான் என்று திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இடது மூலையில் இருந்த நாலு படுக்கைகள் அவள் பொறுப்பு. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறரை மணிக்கு அதே நாலு பேர் வருவார்கள். எடை பார்ப்பாள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் சிறுநீராகப் பிரியாமல் உடம்பில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று கணக்குப் போடுவாள். கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினுக்குள் விட்டுச் சுத்தப்படுத்தித் திரும்ப உள்ளே அனுப்புவாள். நாலு மணி நேரம். ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. எழுந்து நடக்க முடியாது. சுவரில் ஒரு டி.வி. இருந்தது. அது கெட்டுப்போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. புகார் நோட்டில் ஏழு தடவை எழுதியும் யாரும் வரவில்லை.

டி.வி. போன பிறகு நாலு பேரும் மெஷின் திரையில் இறங்குகிற நிமிடங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். உலகத்திலேயே மெதுவாக நகர்கிற எண்கள் அவை.

முதல் படுக்கைக்காரர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். சரியாக மூன்று மணி நேரம் ஆனதும் அவர் குரல் வரும்.

"தங்கச்சி, கழட்டி விட்டுரு."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்குண்ணே."

"அது எனக்குத் தெரியாதா? அந்தப் பேப்பரக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

சொந்தப் பொறுப்பில் முன்னதாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுக்கிற படிவம் ஒன்று உண்டு. அவருடைய ஃபைலில் அந்தப் படிவம்தான் அதிகம். அந்த ஒரு மணி நேரம் உடம்பில் தங்கிப்போகிற தண்ணீர் நெஞ்சில் போய்த்தான் உட்காரும் என்று அவளும் சொன்னாள், டாக்டரும் சொன்னார். லாரிக்காரர் கேட்டுக்கொண்டார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அப்போதுதான் அவளுக்கு ஹாஸ்டல் விளையாட்டு ஞாபகம் வந்தது. படிக்கிற காலத்தில் அறைத் தோழி ஒருத்தி கற்றுக்கொடுத்தது. ஒருவர் கதை சொல்லியாக இருப்பார். மற்ற ஒவ்வொருவரும் ஓர் ஆளை உண்டாக்கிக்கொண்டு அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். தாவினானா விழுந்தானா என்று சந்தேகம் வருகிற இடத்தில் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் காரியம் ஆகும், சின்ன எண் விழுந்தால் கெடும். இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆடியிருக்கிறாள். ஆனால் கதை சொல்லியாக ஒரு நாளும் இருந்ததில்லை.

ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஓர் உலகத்தைத் தயார் செய்தாள். பெரிய பாலைவன ராஜ்ஜியம். ஏழு அரசர்கள், அவர்களுடைய பாட்டன் பூட்டன் பெயர்கள், மூன்று யுத்தங்கள், பதினான்கு பக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் அச்சடித்துக் கொண்டுபோனாள். அதில் பலம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, அறிவு எவ்வளவு என்று எண்களை நிரப்ப வேண்டும்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் ஊசி குத்தி முடித்ததும் ஆரம்பித்தாள்.

"கண்ணுக்கு எட்டின தூரம் மணல். ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. உங்களுக்கு நாக்கு வறண்டு..."

"நிறுத்தும்மா" என்றார் லாரிக்காரர். "ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணிதான்னு அளந்து ஊத்தறா என் பொண்டாட்டி. நாக்கு வறள்றதுக்கு உன் பாலைவனத்துக்கு வேற வரணுமா?"

இரண்டாம் படுக்கையில் இருந்த தையல்காரம்மா சிரித்துவிட்டாள். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பலம் எவ்வளவுன்னு போட்டிருக்கே, அதை நான் எப்படிம்மா சொல்றது? மாடி ஏறினா மூச்சு வாங்குது. அதை எழுதணுமா?"

மூன்றாம் படுக்கையில் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எல்லாக் கட்டத்திலும் இருபது என்று நிரப்பி, கீழே கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். நாலாம் படுக்கையில் கல்லூரியில் படிக்கிற பெண். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். ஆட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. மூன்று மணி நேரம் ஆனதும் லாரிக்காரர் படிவம் கேட்டார்.

வீட்டில் அவள் கணவன் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி எப்போதும் அவனுடைய அரங்களும் ஸ்பிரிங்குகளும்தான். அவள் நடந்ததைச் சொன்னபோது ஒரு பூட்டின் வயிற்றைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான். நிமிராமலே கேட்டான்.

"ஏழு ராஜா எதுக்கு?"

"உலகம் பெரிசா இருக்க வேண்டாமா?"

"கடைக்கு வந்து பூட்டுக் கேட்கிறவங்க கிட்ட நான் பூட்டைக் காட்டமாட்டேன். எதைப் பூட்டப்போறீங்கன்னுதான் கேட்பேன். சைக்கிளுக்கும் பீரோவுக்கும் ஒரே பூட்டா?"

அவன் அதோடு ஸ்பிரிங்கைத் தேடப் போய்விட்டான். அவள் பதினான்கு பக்கத்தையும் மடித்து அலமாரிக்கு அடியில் வைத்தாள்.

புதன்கிழமை தாள் எதுவும் கொண்டுபோகவில்லை. ஊசி குத்துகிற நேரத்தில், வலியை மறக்க ஏதாவது பேச வேண்டிய அந்த நேரத்தில், ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்வி கேட்டாள். இதுவரை நீங்கள் இல்லாத ஓர் ஆளாக இருக்கலாம் என்றால் யாராக இருப்பீர்கள்? அந்த ஆளுக்கு எதைக் கண்டால் பயம்?

தையல்காரம்மா யோசிக்கவே இல்லை. "படகு ஓட்டறவ. ஊசி நூலைக் கையால தொடாதவ. சட்டையில பட்டன் அறுந்தா அறுந்தபடியே திரியறவ."

"எதுக்குப் பயம்?"

"கரையில இருந்து எவளாவது, அக்கா இந்த ஜாக்கெட்டைக் கொஞ்சம் பிடிச்சுக் கொடுன்னு கூப்பிட்டுருவாளோன்னு."

வங்கி சார் குரலைத் தாழ்த்தினார். "திருடன்."

"சார்?"

"முப்பத்திரண்டு வருஷம் லாக்கருக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு லாக்கர்காரங்ககிட்ட. திறந்து விட்டுட்டு மரியாதையா வெளியே வந்துருவேன். உள்ளே என்ன இருக்குன்னு ஒரு நாள் பார்த்ததில்லை, சிஸ்டர். அந்த ஆளு பார்க்கணும். எடுக்கக்கூட வேண்டாம்." பயம் என்ன என்று கேட்டதற்கு, "வீட்ல தெரிஞ்சா" என்றார்.

லாரிக்காரர் கூரையைப் பார்த்தார். குதிரை வீரன், தளபதி என்று ஏதாவது சொல்லுவார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"சத்திரம் வச்சிருக்கிறவன்" என்றார். "ஒரே இடத்துல உக்காந்திருக்கணும். வர்றவன் வரட்டும், போறவன் போகட்டும். நான் எங்கேயும் போகமாட்டேன்."

இது அவளைச் சிக்கலில் மாட்டிவிட்டது. நகரமாட்டேன் என்கிற ஆளை வைத்துக்கொண்டு எப்படிக் கதையை நகர்த்துவது? இரண்டு பஸ் மாறி வீடு போய்ச் சேருவதற்குள் அவளுக்குப் புரிந்தது. அவர் நகர வேண்டியதில்லை, வழி அவரிடம் வந்தால் போதும். எல்லாப் பாதையும் வந்து முட்டுகிற இடத்தில் அவருடைய சத்திரத்தை வைத்தாள். படகுக்காரிக்கு ஆறு வேண்டும், எனவே சத்திரம் ஆற்றுத் துறையில் இருந்தது. திருடனுக்குப் பூட்டு வேண்டும், எனவே வருகிற வியாபாரிகள் எல்லோரும் பெட்டியோடு வந்தார்கள். நாலு பேருக்கும் தண்ணீர் ஆசை இருந்ததால், அந்த ஆறு எந்த மாதமும் வற்றாது என்று முதல் நாளே தீர்மானமாயிற்று.

முழு உலகத்தையும் வரைய இந்தத் தடவை அவள் முயலவில்லை. ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் துறை, சத்திரம், ஒரு சந்தை, ஆற்றின் முதல் திருப்பம் வரைக்கும் வரைந்தாள். அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. தாளைக் கெட்டுப்போன டி.வி. மேல் ஒட்டினாள். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தையல்காரம்மா கேட்டபோது, "எனக்கும் தெரியாதுக்கா, போய்ப் பார்த்தாத்தான் தெரியும்" என்றாள். அது நிஜம்.

பெரிய சிஸ்டர் என்று எல்லோரும் பயத்தோடு சொல்கிற தலைமை நர்ஸ் மூன்றாம் நாளே வந்துவிட்டார். பகடை கையிலிருந்து கைக்குப் போவதைப் பார்த்து, இதன் வழியாகத் தொற்று பரவினால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவள் நாலு பகடை வாங்கி, சிறுநீர்ப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் புது டப்பாக்கள் நாலில் ஆளுக்கொன்றாகப் போட்டு மூடி, படுக்கை எண் எழுதினாள். ஆட்டம் முடிந்ததும் ஸ்பிரிட்டில் துடைத்து வைத்தாள். டப்பாவைக் குலுக்கினால் போதும், ஒரு கை போதும். அவள் வந்து எண்ணைப் பார்த்துச் சொல்லுவாள்.

தையல்காரம்மா டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள். "நல்லதாப் போச்சு. இதை வேற எதுக்கும் நாம உபயோகப்படுத்தி வருஷக்கணக்காச்சு."

வங்கி சார் சிரித்த சிரிப்பில் அவருடைய மெஷின் அலாரம் அடித்தது.

அந்த வாரக் கடைசியில் நாலாம் படுக்கைப் பெண் ஹெட்போனைக் கழற்றினாள்.

"நானும் ஒரு ஆள் சொல்லலாமா, அக்கா?"

"சொல்லும்மா."

"ஒரு கிழவி. தொண்ணூறு வயசு. பல்லு கிடையாது, எல்லாரையும் திட்டுவா. பயம் எதுக்கும் கிடையாது."

இருபத்தொரு வயதுப் பெண் சொன்ன இந்தக் கிழவியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. லாரிக்காரர் மட்டும், "கிழவிக்குக் கீழ் ரூம் கொடுக்கறேன். மாடிப்படி உயரம்" என்றார்.

ஆட்டம் பிடித்துக்கொண்டது. டெக்னீஷியன் தன் கணவனிடம் சாவி இல்லாமல் பூட்டுத் திறப்பது எப்படி என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். அவன் சொல்லிக்கொடுத்துவிட்டு, "ஆஸ்பத்திரி வேலைக்குத்தானே போறே?" என்று ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்தான். எந்தப் பூட்டையும் திறக்கிற மந்திரச் சாவி ஒன்று வேண்டும் என்று வங்கி சார் நச்சரித்தபோது அவள் கொடுக்க மறுத்துவிட்டாள். "எல்லாக் கதவும் திறந்துட்டா அப்புறம் நீங்க எதுக்கு சார், அந்தச் சாவியே போதுமே." அவர் ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு தன்னுடைய முதல் பெட்டியை ஒரு வளைந்த கம்பியால் திறந்தபோது, எழுபது வயது மனிதர் ஊசி இல்லாத கையால் தொடையில் தட்டினார். பெட்டிக்குள் குழந்தைச் செருப்பு ஒற்றை ஒன்று இருந்தது. அது யாருடையது என்று தேடுவதிலேயே ஒரு மாதம் போயிற்று.

லாரிக்காரர் படிவம் கேட்பதை நிறுத்தியிருந்தார். எப்போது நிறுத்தினார் என்று யாருக்கும் தெரியவில்லை. சத்திரத்தில் ஆட்கள் இருக்கும்போது சத்திரக்காரன் எப்படி எழுந்து போவது?

ஒன்பது மாதம் இப்படி ஓடியது. ஒரு திங்கட்கிழமை முதல் படுக்கை காலியாக இருந்தது.

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி. டயாலிசிஸ் ஆட்கள் பயப்படுகிற இடைவெளி அதுதான். ஏழு மணிக்குப் பெரிய சிஸ்டர் வந்து அவளை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. முழு நாலு மணி நேரம் படுத்தும் அந்த நெஞ்சு தாங்கவில்லை. அவள் கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் நின்றாள். திரும்பி வந்தபோது மூன்று பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அன்றைக்கு டப்பாக்களை வெளியே எடுக்கவில்லை.

புதன்கிழமை அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "சத்திரக்காரர் ஆத்துக்கு மேல, தூரமா ஒரு ஊருக்குப் போயிருக்காரு. வர நாளாகும்..."

"அவர் எங்கேயும் போகமாட்டேன்னுதான் சொன்னாரு" என்றாள் தையல்காரம்மா.

"கதைதானேம்மா" என்றார் வங்கி சார். "போயிருக்கார்னே வச்சுக்கலாம். எதுக்கு இப்போ?"

கல்லூரிப் பெண் படுத்திருந்தவள் தலையை நிமிர்த்தினாள். "அக்கா, ஒண்ணு கேட்கட்டுமா? போன மாசம் கிழவி பாலத்துல வழுக்கினப்போ எனக்கு மூணு விழுந்துச்சு. நீங்க பதிமூணுன்னு சொன்னீங்க."

அவள் மெஷின் திரைப் பக்கம் திரும்பினாள்.

"மூடி கண்ணாடி மாதிரி இருக்கு. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. அதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை. யாருக்கும் எதுவும் ஆகாம பார்த்துக்கிறீங்க. இங்கதான் எல்லாரும் எங்களை உடையற பாத்திரம் மாதிரி தூக்கறாங்கன்னா, அங்கேயுமா?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஆமா, பொய்தான் சொன்னேன்" என்றாள். "இங்க ஒவ்வொரு வருஷமும் யாராவது வராமப் போறாங்க. அங்கேயாவது வேண்டாம்னு நினைச்சேன்."

"உங்களுக்காகத்தான் சொன்னீங்க" என்றாள் பெண். கோபமாகச் சொல்லவில்லை. வங்கி சார் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். தையல்காரம்மா கண்ணாலேயே அவரை அடக்கினாள்.

மூன்று பேரும் அன்றைக்கு எந்த முடிவுக்கும் வரவில்லை. வெள்ளிக்கிழமை லாரிக்காரரின் மனைவி வந்தாள். அவருடைய போர்வையும் ஒரு ஜோடிச் செருப்பும் அங்கேயே லாக்கரில் இருந்தன. அவள் அவற்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்ட பிறகும் போகாமல் நின்றாள். டி.வி. மேல் ஒட்டியிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலண்டர் தாளோடு இன்னும் மூன்று தாள்களை ஒட்டி நீட்டியிருந்தார்கள் அப்போது.

"இதுதானா அது?" என்றாள். "சாயந்தரம் வீட்டுக்கு வந்தா எனக்கு இந்தக் கதைதான். படகு வந்துச்சு, கிழவி திட்டினா, திருடன் மாடியில ஒளிஞ்சிருக்கான்னு. முப்பது வருஷம் ஊர் ஊரா போயிட்டு வந்த மனுஷன், ஒரு ஊரைப் பத்திக்கூட என்கிட்ட இவ்வளவு பேசினதில்லை." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சத்திரத்தை இப்போ யார் பார்த்துக்கிறாங்க?"

டெக்னீஷியன் வாயைத் திறப்பதற்குள் நாலாம் படுக்கையிலிருந்து பதில் வந்தது.

"கிழவி பார்த்துக்கிறா, அத்தை. அவர் தவறிட்டாரு. துறையிலேயே அடக்கம் பண்ணிட்டு, கிழவி சாவியை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டா."

அந்த அம்மா அவளைப் பார்த்தாள். ரொம்ப இளசாக இருக்கிறாளே என்று நினைத்திருக்கலாம். "அந்தக் கிழவியா? தொண்ணூறு வயசுன்னாரே. மாடிப்படி ஏறுவாளா?"

"திட்டிக்கிட்டே ஏறுவா."

"சரி" என்றாள் அந்த அம்மா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

அன்று முதல் எண்ணை டெக்னீஷியன் படித்துச் சொல்வதில்லை. டப்பாவை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள், அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வாரமே படகுக்காரி வெள்ளத்தில் மாட்டினாள். தையல்காரம்மாவுக்கு விழுந்தது ஒன்று. ஆறு வருடம் நோயைப் பார்த்துப் பழகிய அம்மா, ஒரு பகடையைப் பார்த்து வாயைப் பிளந்தாள். படகு போயிற்று. வேறு படகு கட்டப் பலகை தேடி அவர்கள் முதன்முறையாக ஆற்றின் இரண்டாம் திருப்பத்தைத் தாண்டினார்கள். அங்கே என்ன இருந்தது என்பதை அன்று வங்கி சார்தான் சொன்னார். அவள் தாளையும் பேனாவையும் அவரிடமே கொடுத்துவிட்டாள்.

முதல் படுக்கைக்கு ஒரு மாதத்தில் புது ஆள் வந்தார், சர்க்கரை நோயாளி, அச்சகத்தில் வேலை பார்த்தவர். ஆறு வாரம் வரை, சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாம் வாரம், கதைச் சந்தையில் ஒட்டியிருக்கிற நோட்டீஸில் எழுத்துப் பிழை இருப்பதாக அவராகவே சொன்னார். நோட்டீஸை அடித்தவர் யார் என்று தையல்காரம்மா கேட்டாள். இவ்வளவு பிழையோடு அடிக்க அந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள், நான்தான் என்றார்.

அடுத்த வருடம் டெக்னீஷியனுக்கு ஓர் அறுவை சிகிச்சை, பித்தப்பையில் கல். பத்து நாள் லீவு. மாற்றாக வந்தவருக்கு மெஷின் தெரியும், ஆறு தெரியாது. திரும்பி வேலைக்கு வந்த திங்கட்கிழமை வங்கி சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"ஜெயில்ல இருக்கேன்."

"யார் போட்டது?"

தையல்காரம்மா நர்ஸ் மேசைப் பக்கம் மோவாயைக் காட்டினாள். பெரிய சிஸ்டர் அங்கே ரிஜிஸ்டரில் குனிந்திருந்தார்.

"நீங்க இல்லாத நேரத்துல இவங்க சும்மா புலம்பிக்கிட்டே இருந்தாங்க" என்றார் பெரிய சிஸ்டர், தலையை நிமிர்த்தாமல். "சரின்னு நான் ரெண்டு நாள் கதை சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்தாரு. காவலாளி பிடிச்சுட்டான். வேற என்ன பண்றது?"

"பதினெட்டு விழுந்துச்சு எனக்கு" என்றார் வங்கி சார். "பதினெட்டுக்கு எவனாவது மாட்டுவானா, சிஸ்டர்?"

"திருட்டு திருட்டுத்தான்" என்றார் பெரிய சிஸ்டர்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு அவருடைய கையைத் தடவி ஊசிக்கு இடம் பார்த்தாள். சிறைக்குச் சுவர் எவ்வளவு உயரம், காவலாளிக்கு எதைக் கண்டால் பயம் என்று கிழவியும் படகுக்காரியும் அச்சகக்காரரும் ஒரே நேரத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். அதெல்லாம் இன்னும் யோசிக்கவில்லை என்றார் பெரிய சிஸ்டர். ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தார்.